ரப்பர் தரும் டான்டலியனை இனவிருத்தி செய்வது எப்படி

நன்றாகக் காய்ந்த கோக்-சகிஸ் வேர் ஒன்றை இரு கையாலும் பிடித்து மெல்ல முறித்தால், வேர் இரண்டான பிறகும் துண்டுகள் தனித்தனியே விழுவதில்லை. முறிந்த இடத்திலிருந்து தலைமுடியைவிட மெல்லிய வெண்ணிற இழைகள் நீண்டு இரு துண்டுகளையும் பிடித்துக்கொண்டிருக்கும்; இழுக்கும் கையைத் தளர்த்தினால் இழைகள் சுருங்கும். அந்த இழைகள்தாம் ரப்பர். குமரி மாவட்டத்துத் தோட்டங்களில் விடியற்காலையில் வெட்டியெடுக்கும் பாலில் இருக்கிற அதே பாலிஐசோப்ரீன், கஜகஸ்தானின் தியான்ஷான் மலைப் பள்ளத்தாக்குகளில் தரையோடு படர்ந்து வளரும் இந்த மஞ்சள் பூச் செடியின் வேருக்குள்ளும் இருக்கிறது. தாவரவியலில் இதன் பெயர் டாரக்சகம் கோக்-சகிஸ்; வழக்கில் ரஷ்ய டான்டலியன் என்பார்கள்.

இந்தக் காட்டுச் செடியைப் பயிராக மாற்றும் இனவிருத்தி வேலையை எந்த வரிசையில், எந்தக் கவனத்தோடு செய்ய வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் பொருள். பயிர் இனவிருத்தி படிக்கும் மாணவரையும், குளிர்ப் பகுதியில் சிறிய ஆய்வு நிலம் ஒன்றை வைத்திருப்பவரையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன். வறண்ட வெப்பப் பகுதிக்கு உரிய குவாயூலே என்ற புதர்ச்செடிக்கு வேறு முறை தேவைப்படுவதால் அதைப் பற்றி இறுதியில் தனியாகச் சொல்கிறேன்.

மாற்றுச் செடியைத் தேடுவதற்கான காரணம் சுருக்கமானது. உலகின் இயற்கை ரப்பர் ஏறத்தாழ முழுவதும் ஹெவியா பிரேசிலியென்சிஸ் என்ற ஒரே மரத்திலிருந்து வருகிறது. 1876இல் ஹென்றி விக்காம் அமேசானிலிருந்து லண்டனின் கியூ தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுசென்ற சுமார் 70,000 விதைகளில் முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. அவற்றில் பெரும்பகுதி இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொடைத் தோட்டத்தில் வளர்க்கப்பட்டது. ஆசியத் தோட்டங்கள் பெரும்பாலும் அந்தச் சில நாற்றுகளின் வம்சம் என்பதால் அவற்றின் மரபு அடித்தளம் மிகக் குறுகியது. தென் அமெரிக்க இலைக்கருகல் என்ற பூஞ்சை நோய், 1928இல் ஹென்றி ஃபோர்டு பிரேசிலில் தொடங்கிய ஃபோர்ட்லாந்தியா தோட்டத்தை நிலைக்கவிடாமல் செய்தது. அதே நோய் ஆசியாவுக்கு வந்து சேர்ந்தால் தாங்கும் மரங்கள் இங்கே குறைவு. ஹெவியாவில் பால் வெட்டத் தொடங்கவே ஆறேழு ஆண்டுகள் ஆகும். ஒரு புதிய குளோனை (ஒரே தாய்மரத்தின் நகல்களாகப் பெருக்கும் வகையை) உருவாக்கிச் சோதித்து வெளியிட இருபது ஆண்டுகளுக்கு மேல் பிடிக்கும். டான்டலியனில் ஒரு தலைமுறை ஓராண்டில் முடிந்துவிடுகிறது. இனவிருத்தி செய்பவருக்கு இதைவிடப் பெரிய சலுகை வேறில்லை.

இதைப் படித்துவிட்டுக் குமரியிலோ கேகாலையிலோ ரப்பர் மரத்தை வெட்டிவிட்டு டான்டலியன் விதைக்கக் கிளம்ப வேண்டாம். இது குளிர்காலம் உள்ள மிதவெப்ப நாடுகளின் செடி. மரம் வளராத இடத்தில் ரப்பர் எடுப்பதற்காகவே இதைத் தேடிப் போனார்கள்.

விதையைப் பெறுதலும் அது எந்தச் செடி என்று உறுதிசெய்தலும்

முதல் வேலை விதையைப் பெறுவது. அதைவிட முக்கியமான வேலை, பெற்ற விதை எந்தச் செடியினுடையது என்று உறுதிசெய்வது. பலர் இரண்டாவதைத் தாண்டிப் போய்விட்டுப் பின்னால் ஆண்டுக்கணக்கில் வருந்தியிருக்கிறார்கள்.

இந்தச் செடியின் வரலாற்றைச் சிறிது தெரிந்துகொண்டால் இதற்குக் காரணம் புரியும். 1930களின் தொடக்கத்தில் சோவியத் தாவரவியலாளர்கள் இதைக் கண்டறிந்தார்கள். அதற்கு முன்பே கஜக் மக்கள் இதன் வேரை மென்று பழகியிருந்தார்கள், சகிஸ் என்ற சொல்லுக்கே மெல்லும் பிசின் என்றுதான் பொருள். 1941 வாக்கில் சோவியத் ஒன்றியத்தில் சுமார் 67,000 ஹெக்டேரில் இது பயிரானது. போர்க்காலத்தில் அமெரிக்கா 1942இல் சோவியத் விதைகளைப் பெற்றுப் பல மாநிலங்களில் பயிரிட்டது. நாஜி ஜெர்மனி ஆஷ்விட்ஸ் முகாமை அடுத்த ரைஸ்கோவில் கைதிகளைக் கொண்டு இதன் இனவிருத்தி வேலையை நடத்தியது. போர் முடிந்து ஆசிய ரப்பர் மீண்டும் கிடைக்கத் தொடங்கியதும், செயற்கை ரப்பரும் வளர்ந்துவிட்டதால், திட்டங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அதன்பின் பல தாவரவியல் பூங்காக்களும் விதை வங்கிகளும் கோக்-சகிஸ் என்று பெயர் எழுதி வைத்திருந்தது பெரும்பாலும் டாரக்சகம் பிரெவிகார்னிகுலேட்டம் என்ற களைச்செடி என்பது 2010களில் தெளிவாயிற்று. பார்வைக்கு நெருங்கிய உறவுதான். ஆனால் அதில் ரப்பர் குறைவு. அதைவிடக் கெட்ட செய்தி, அது கலப்பில் சேராமல் தன்னைத் தானே நகலெடுத்துக்கொண்டு பெருகுவது.

ஆகவே விதையை எங்கிருந்து சேகரித்தார்கள் என்ற பதிவு உள்ள மாதிரிகளையே கேட்டுப் பெற வேண்டும். அமெரிக்க வேளாண்மைத் துறை 2008இல் தென்கிழக்குக் கஜகஸ்தானில் சேகரித்த மாதிரிகள் வாஷிங்டன் மாநிலத்தின் புல்மன் நகரில் உள்ள மரபுவள நிலையத்தில் பாதுகாக்கப்படுகின்றன. இந்தியாவுக்குள் ஆய்வுக்காக விதை கொண்டுவருவோர் புதுதில்லியிலுள்ள தேசியத் தாவர மரபுவளப் பணியகத்தின் வழியாகவும், தாவரத் தொற்றுத்தடுப்பு விதிகளின்படியும்தான் கொண்டுவர வேண்டும். உறையில் போட்டு அஞ்சலில் வரவழைப்பது சட்டப்படி குற்றம் என்பதோடு, புதிய களை ஒன்றைக் கையால் வரவேற்பதும் ஆகும்.

விதை கையில் வந்ததும் கீழ்க்காணும் சோதனைகளைச் செய்யலாம்.

முதலாவது தோற்றம். கோக்-சகிஸின் இலை சாம்பல் கலந்த பச்சை நிறத்தில், சற்றுத் தடிப்பாக, ஓரத்தில் ஆழமான பற்கள் இல்லாமல் இருக்கும். பூத்தலைக்கு அடியிலுள்ள பச்சைச் செதில்களின் நுனியில் சிறு கொம்பு போன்ற புடைப்பு காணப்படும். ஊட்டி, கொடைக்கானல் புல்வெளிகளில் காணும் சாதாரண டான்டலியனில் இலை விளிம்பு வாள்பல் போல வெட்டுண்டிருப்பதை நினைத்துக்கொண்டால் வேறுபாடு எளிதில் விளங்கும். ஆனால் கொம்பு பிரெவிகார்னிகுலேட்டத்திலும் உண்டு. எனவே தோற்றத்தோடு நின்றுவிடக் கூடாது.

இரண்டாவது குரோமோசோம் எண்ணிக்கை. கோக்-சகிஸ் 16 குரோமோசோம்கள் கொண்ட இருமடியம், அதாவது குரோமோசோம் தொகுதி இரண்டு உள்ளது; பிரெவிகார்னிகுலேட்டமும் சாதாரண டான்டலியனின் பெரும்பாலான வகைகளும் 24 கொண்ட, மூன்று தொகுதி உள்ள மும்மடியங்கள். வளரும் வேர்நுனியைக் காலையில் எடுத்துப் பதப்படுத்திச் சாயமேற்றி நுண்ணோக்கியில் எண்ணலாம். அதற்கு வசதி இல்லாவிட்டால் மகரந்தத்தைப் பாருங்கள்: இருமடியச் செடியின் மகரந்தத் துகள்கள் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும், மும்மடியத்தினுடையவை பெரிதும் சிறிதுமாகக் கலந்து கிடக்கும்.

மூன்றாவது சோதனைக்குச் சவர பிளேடு ஒன்று போதும். டென்மார்க் தாவரவியலாளர் ரௌன்கியர் 1903இல் டான்டலியனில் செய்துகாட்டியது இது. நாளை விரியப்போகும் மொட்டை இன்று எடுத்துக்கொண்டு, அதன் மேல்பாதியை, அதாவது மகரந்தப்பைகளும் சூல்முடிகளும் இருக்கும் பகுதியை, குறுக்கே சீவிவிட வேண்டும். அடியில் சூலகங்கள் மட்டும் மிஞ்சும். வெட்டிய இடத்தில் பால் துளிர்த்துச் சில நிமிடங்களில் பழுப்பாகி உறைந்துவிடும். மொட்டு அதைப் பொருட்படுத்துவதில்லை. மகரந்தம் வந்து சேர வழியே இல்லாத அந்தத் தலையில் ஏறத்தாழ இரண்டு வாரத்துக்குப் பிறகு முழுமையான விதைகள் உருவாகியிருந்தால், அந்தச் செடி கருவுறாமலே விதை தருவது என்று தெரிந்துகொள்ளலாம். அது உங்கள் இனவிருத்திக்கு உதவாது, வேரோடு பிடுங்கிவிடுங்கள். விதைகள் வற்றிச் சுருங்கியிருந்தால் செடி கலப்பில் சேரக்கூடியது. ஒரு செடியில் ஒரு மொட்டோடு நிறுத்தாமல் மூன்று நான்கு மொட்டுகளில் செய்வது நல்லது.

இதற்கு இத்தனை இடம் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. கருவுறாமல் விதை தரும் செடியில் நீங்கள் எத்தனை தலைமுறை தேர்ந்தெடுத்தாலும் தாயின் நகல்களே மீண்டும் வரும். அளவீட்டில் தெரியும் ஏற்றத்தாழ்வு மண்ணாலும் நீராலும் வந்ததாக இருக்குமேயன்றி மரபால் வந்ததாக இருக்காது. தேர்வு என்ற செயலுக்கே பொருள் இல்லாமல் போய்விடும்.

நாற்றும் நிலமும்

கோக்-சகிஸ் விதை மிகச் சிறியது. ஆயிரம் விதைகள் சேர்ந்தால் அரை கிராமைச் சுற்றியே எடை வரும். நேரடியாக வயலில் தூவினால் களை மூடிவிடும். நாற்று மெதுவாக வளரும், இலை தரையோடு ஒட்டிக்கிடக்கும், நிழலைத் தாங்காது. 1940களிலிருந்து இன்றுவரை இந்தப் பயிரைத் தோற்கடித்துவரும் எதிரி களைதான். இனவிருத்திக் கட்டத்தில் குழித்தட்டு நாற்று முறையே சரி. தென்னை நார்க்கழிவும் மட்கிய உரமும் கலந்த குழிகளில் விதையை மேலாக வைத்து, மெல்லிய மணலால் மூடி, 15 முதல் 20 பாகை செல்சியஸில் வைத்தால் ஒன்று இரண்டு வாரத்தில் முளைத்துவிடும். ஐந்தாறு இலை வந்ததும் வயலுக்கு மாற்றலாம்.

நாற்றங்காலிலேயே ஒரு தேர்வை முடித்துவிடலாம். ஒரே நாளில் விதைத்த நாற்றுகளில் முந்தி முளைத்து, முந்தி இலை விரித்தவற்றை அடையாளமிட்டு வையுங்கள். ரப்பர் அளவோடு இதற்கு நேரடித் தொடர்பு இல்லை என்றாலும், களையோடு போட்டியிட வேண்டிய பயிருக்கு இளம்பருவ வேகம் உயிர்நாடி. ரப்பரை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்து, வயலில் பிழைக்கத் தெரியாத செடியை உருவாக்குவது இந்தத் துறையில் எளிதில் நேரக்கூடிய தவறு.

வேர் நேராக இறங்க வேண்டுமென்பதால் கல் இல்லாத, இளகிய, நீர் தேங்காத மண் தேவை. களிமண்ணில் வேர் கிளைத்துப் பிடுங்கும்போது அறுந்துபோகும். எல்லாச் செடிகளுக்கும் ஒரே இடைவெளி கொடுங்கள். ஓரத்துச் செடிக்கு இடமும் வெளிச்சமும் அதிகம் கிடைப்பதால் அதன் வேர் பெருத்துவிடும்; அதை நல்ல மரபு என்று நம்பிவிடக் கூடாது. வயலைச் சுற்றி இரண்டு வரிசைகளைக் காவல் வரிசையாக நட்டு, அவற்றைக் கணக்கில் சேர்க்காமல் விடுங்கள்.

நிலம் எங்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. அமெரிக்கப் பயிர் இனவிருத்தியாளர் கார்ட்னர் 1961இல் மக்காச்சோளத்துக்குச் சொன்ன கட்ட முறை இங்கும் நன்றாகப் பொருந்துகிறது. இரண்டாயிரம் செடிகள் நட்டால் வயலை ஐம்பது கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலுமுள்ள நாற்பது செடிகளில் சிறந்த இரண்டை மட்டும் எடுக்க வேண்டும். வளமான மூலையிலிருந்து இருபதும் வறண்ட மூலையிலிருந்து ஒன்றும் இல்லாத நிலை இதனால் தவிர்க்கப்படும். எடுப்பது மண்ணின் குணமாக இல்லாமல் செடியின் குணமாக இருக்கும்.

வேரை அளப்பது

இலையுதிர் காலம் முடியும்போது வேரைத் தோண்டுங்கள். குளிர் படப்பட ரப்பர் கூடும். தோண்டியபின் குளிரில் சேமித்து வைத்த வேரிலும் ரப்பர் சதவீதம் ஏறும். ஆனால் அந்த ஏற்றத்தில் ஒரு பகுதி கண்கட்டு. வேரின் காய்ந்த எடையில் கால்பங்குக்கும் மேல் இனுலின் என்ற சேமிப்புக் கார்போஹைட்ரேட் இருக்கிறது. சேமிப்பில் வேர் அதைச் செலவழித்துவிடுவதால் மொத்த எடை குறைந்து, சதவீதம் தானாக உயர்ந்து தெரிகிறது. ஆகவே எல்லா வேர்களையும் ஒரே நாளில் தோண்டி, ஒரே கால அளவுக்குச் சேமித்து, ஒரே சமயத்தில் அளக்க வேண்டும்.

இப்போது ஒரு சிக்கல் எழுகிறது. ரப்பரை அளக்க வேரை அரைத்தாக வேண்டும். விதை எடுக்கச் செடி உயிரோடு இருந்தாக வேண்டும். இதற்கு வேரை இரண்டாக்குவதுதான் வழி. வேரைக் கழுவி, நீர் வடிந்தபின் முழு எடையைக் குறித்துக்கொண்டு, மேலேயிருந்து ஐந்தாறு சென்டிமீட்டர் நீளத்தைக் கழுத்தோடும் குருத்தோடும் விட்டு, அடிப்பகுதியை வெட்டி எடுங்கள். மேல்துண்டைத் தொட்டியில் நட்டால் மீண்டும் இலைவிடும். டான்டலியனின் வேர்த்துண்டு முளைக்கும் குணத்தைத் தோட்டத்தில் களையெடுத்தவர்கள் அறிவார்கள். அடித்துண்டு ஆய்வுக்குப் போகட்டும். இரண்டுக்கும் ஒரே எண்ணிட்ட அட்டையைக் கட்டுங்கள். அட்டை மாறினால் ஓராண்டு உழைப்பு வீண். பென்சிலில் எழுதிய அட்டைதான் ஈரத்தில் அழியாது.

அடித்துண்டை 40 முதல் 50 பாகை வெப்பத்தில் உலர்த்துங்கள். அவசரத்துக்காக வெப்பத்தை ஏற்றினால் ரப்பர் மூலக்கூறின் நீண்ட சங்கிலி அறுந்து பிசுபிசுப்பாகிவிடும். உலர்ந்ததை நன்றாகப் பொடித்து, முதலில் அசிட்டோனால் பிசின்களையும் கொழுப்பையும் நீக்கிவிட்டு, பிறகு ஹெக்சேனில் ரப்பரைக் கரைத்தெடுத்து, கரைப்பானை ஆவியாக்கி மிஞ்சுவதை எடை போட வேண்டும். ஒரு கிராம் பொடியில் 60 மில்லிகிராம் கிடைத்தால் 6 சதவீதம். அசிட்டோன் படியைத் தவிர்த்தால் பிசினும் ரப்பராகக் கணக்கில் ஏறி, மோசமான செடி நல்ல செடியாகத் தோன்றும். ஹெக்சேன் எளிதில் தீப்பற்றும்; புகைபோக்கி அலமாரி உள்ள ஆய்வகத்தில் மட்டுமே செய்ய வேண்டும். நூற்றுக்கணக்கான மாதிரிகளை இப்படி அளக்க முடியாதபோது அண்மை அகச்சிவப்புக் கதிர் அளவியைப் பயன்படுத்துகிறார்கள். அதையும் முதலில் கரைப்பான் முறையில் அளந்த மாதிரிகளை வைத்துப் பழக்க வேண்டும். பழக்காத கருவி தரும் எண்ணுக்கு மதிப்பில்லை. கருவியே இல்லாத இடத்தில், தொடக்கத்தில் சொன்ன முறிப்புச் சோதனை முதல்கட்ட வடிகட்டலுக்குப் போதும். இழையே வராத வேர்களை அப்போதே ஒதுக்கிவிடலாம்.

எண்கள் வந்ததும் சதவீதப் பட்டியலில் முதலில் நிற்கும் செடிகளைத் தேர்ந்தெடுக்கக் கை துறுதுறுக்கும். அந்த இடத்தில் நிதானம் வேண்டும். கணக்குக்காக இரண்டு செடிகளை எடுத்துக்கொள்வோம். ஒன்றின் காய்ந்த வேர் 4 கிராம், ரப்பர் 12 சதவீதம். அது தருவது 0.48 கிராம். மற்றொன்றின் வேர் 12 கிராம், ரப்பர் 6 சதவீதம். அது தருவது 0.72 கிராம். ஹெக்டேருக்கு ஐந்து லட்சம் செடிகள் என்றால் முதலாவது வகை 240 கிலோவும் இரண்டாவது 360 கிலோவும் தரும். சதவீதத்தில் பாதியாக இருப்பதே விளைச்சலில் ஒன்றரை மடங்கு. சிறு வேரைத் தோண்டி, கழுவி, அரைக்கும் கூலியும் அதற்கேற்ப ஏறும். எனவே செடி ஒன்றுக்குக் கிடைக்கும் ரப்பர் எடையை முதல் அளவாகவும், சதவீதத்தைக் குறைந்தபட்ச வாசலாகவும் வைத்துக்கொள்ளுங்கள்.

ரப்பர் மூலக்கூறுச் சங்கிலியின் நீளமும், அதாவது மூலக்கூறு எடையும், முக்கியம். தாமஸ் எடிசன் 1927க்குப் பிறகு ஃப்ளோரிடாவின் ஃபோர்ட் மையர்ஸில் ஆயிரக்கணக்கான செடிகளைச் சோதித்து, கடைசியில் கோல்டன்ராடு என்ற செடியைத் தேர்ந்தெடுத்து அதன் இலையில் ரப்பர் அளவை உயர்த்தினார். ஆனால் அந்த ரப்பரின் மூலக்கூறு எடை மிகக் குறைவு. டயருக்கு வேண்டிய வலு அதில் இல்லை. கோக்-சகிஸும் குவாயூலேயும் இந்த வகையில் ஹெவியாவுக்கு நிகரானவை. இருந்தாலும் சில தலைமுறைக்கு ஒருமுறை தேர்வான செடிகளின் ரப்பரை மூலக்கூறு எடை ஆய்வுக்கு அனுப்பிப் பார்த்துக்கொள்வது முறை.

கலப்பு

தேர்வான செடிகள் எத்தனை இருக்க வேண்டும் என்பதில் சிக்கனம் கூடாது. கோக்-சகிஸ் தன் மகரந்தத்தைத் தானே ஏற்பதில்லை. நெருங்கிய உறவினரின் மகரந்தத்தையும் பல சமயம் ஏற்பதில்லை. பத்துச் செடிகளை மட்டும் வைத்துக் கலந்தால், இரண்டு மூன்று தலைமுறைக்குள் பொருத்தமான இணை கிடைக்காமல் விதை பிடிப்பு விழுந்துவிடும், வேரும் சிறுத்துவிடும். மேலே சொன்ன கணக்கின்படி நூறு செடிகள் கிடைக்கும். ஐம்பதுக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தொட்டியில் நட்ட மேல்துண்டுகள் பூக்கக் குளிர் தேவைப்படலாம். சில செடிகள் முதல் ஆண்டிலேயே பூத்துவிடும், சில 5 பாகையை ஒட்டிய குளிரில் இரண்டு மாதம் இருந்தால்தான் பூக்கும். எல்லாவற்றையும் குளிர் அறையில் வைத்து எடுத்தால் ஒரே சமயத்தில் பூக்க வைக்கலாம். ஒரே சமயத்தில் பூப்பது முக்கியம்; முந்திப் பூத்தவை தமக்குள்ளும் பிந்திப் பூத்தவை தமக்குள்ளும் மட்டுமே கலந்தால் தேர்வுக் கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிடும்.

பூக்கும் காலத்தில் பூச்சி நுழையாத வலைக்கூண்டுக்குள் தொட்டிகளை வைத்து, உள்ளே வண்டுத்தேனீக்களையோ ஈக்களையோ விடுவார்கள். சிறிய அளவில் கையாலேயே செய்யலாம். காலையில் தலைகள் முழுதாக விரிந்த பிறகு இரண்டு செடிகளின் பூத்தலைகளை முகத்தோடு முகம் வைத்து மெல்லத் தேய்த்தால் மகரந்தம் மாறிவிடும். மூன்று நாட்களுக்கு இணைகளை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். கூண்டுக்கு வெளியே சாதாரண டான்டலியன் பூத்திருந்தால் அதை அகற்றிவிடுங்கள். அதன் மகரந்தம் கலந்தால் அரிதாகக் கலப்பினம் உருவாகும். அதோடு வேற்று மகரந்தத்தின் தூண்டுதலால் செடி தன் மகரந்தத்தையே ஏற்றுக்கொண்டு தன்விதை தந்துவிடுவதும் உண்டு. இரண்டுமே கணக்கைக் குழப்பும்.

கருவுற்ற தலை மூடிக்கொண்டு, ஏறத்தாழ இரண்டு வாரத்தில் வெண்பஞ்சாக மீண்டும் விரியும். விரிந்த பின் காற்று உங்களுக்காகக் காத்திருக்காது. தலை மூடிய நிலையில் இருக்கும்போதே மெல்லிய துணிப்பையைக் கட்டிவிடுங்கள். ஒவ்வொரு தாய்ச்செடியின் விதையையும் தனி உறையில் சேர்க்க வேண்டும்.

ஆண், பெண் இருபக்கத்தையும் தேர்ந்தெடுப்பதன் பலனை ஒரு கணக்கில் பார்க்கலாம். வயலின் சராசரி செடிக்கு 0.40 கிராம், தேர்வான செடிகளின் சராசரி 0.80 கிராம், அந்த வேறுபாட்டில் மரபால் வருவது பத்தில் மூன்று பங்கு என்று வைத்துக்கொள்வோம். தேர்வானவை தமக்குள் மட்டும் கலந்தால் அடுத்த தலைமுறைச் சராசரி 0.52 கிராமாகும். தாயை மட்டும் தேர்ந்தெடுத்து, வயலில் கண்ட மகரந்தத்தையெல்லாம் ஏற்கவிட்டால் 0.46 கிராமில் நின்றுவிடும். வலைக்கூண்டுக்குச் செலவழிக்கும் பணம் இப்படித்தான் திரும்பி வருகிறது.

அடுத்த ஆண்டு, நூறு தாய்களின் விதையை நூறு குடும்பங்களாக, மூன்று நான்கு முறை திரும்ப வரும்படி வரிசை மாற்றி நட்டுச் சோதியுங்கள். தேர்வு செய்யாத தொடக்க விதையையும் ஒவ்வோர் ஆண்டும் ஒரு வரிசை நட வேண்டும். மழை நன்றாகப் பெய்த ஆண்டின் விளைச்சலை இனவிருத்தியின் வெற்றி என்று எண்ணிக்கொள்ளாதிருக்க அந்த வரிசையே சாட்சி. தனிச்செடியின் அளவைவிடக் குடும்பத்தின் சராசரி நம்பகமானது என்பதால், முதலில் நல்ல குடும்பங்களை எடுத்து, அவற்றுக்குள் நல்ல செடிகளை எடுங்கள். கிளைக்காத ஒற்றை வேர், நிமிர்ந்த இலை, வேரழுகலைத் தாங்கும் தன்மை ஆகியவற்றையும் இந்தக் கட்டத்திலிருந்து கணக்கில் சேர்க்கலாம். எல்லாவற்றையும் முதல் சுற்றிலேயே சேர்த்தால் எதிலும் முன்னேற்றம் தெரியாது.

இந்த வழியில் போனவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று கேட்டால், ஜெர்மனியில் ஃப்ராவுன்ஹோஃபர் ஆய்வு நிறுவனமும் மியூன்ஸ்டர் பல்கலைக்கழகமும் கான்டினென்டல் நிறுவனமும் சேர்ந்து டான்டலியன் ரப்பரில் மிதிவண்டி டயரைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. 2018இல் ஆங்க்லாம் என்ற ஊரில் இதற்கென ஆய்வகம் திறக்கப்பட்டது. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகம் நீண்ட காலமாக இதில் உழைத்துவருகிறது. மிதிவண்டி டயர் சிறிய வெற்றிதான். ஆனால் காட்டுச் செடி ஒன்று சில தலைமுறைத் தேர்வில் அங்கே வந்து சேர்ந்தது என்பதைச் சிறிதாகக் கருத முடியவில்லை.

குவாயூலே: வேறு செடி, வேறு முறை

வறண்ட நிலத்துக்கு உரியது குவாயூலே. வடக்கு மெக்சிகோவிலும் டெக்சாஸின் பிக் பெண்டு பகுதியிலும் பரவிய சிவாவா பாலைவனத்தின் புதர் இது. நம் ஊரில் சாலையோரமெங்கும் மண்டிக் கிடக்கும் பார்த்தீனியக் களையின் பேரினத்தைச் சேர்ந்தது. பெயரும் பார்த்தீனியம் அர்ஜென்டேட்டம். இதில் பால் குழாய்கள் கிடையாது. தண்டு, வேர் ஆகியவற்றின் பட்டையிலுள்ள உயிரணுக்களுக்குள் ரப்பர் அடைபட்டிருக்கிறது. ஆகவே ஹெவியாவைப் போலப் பால் வெட்ட முடியாது. புதரையே வெட்டி அரைக்க வேண்டும். ஹெவியா பாலில் ஒவ்வாமை உள்ளவர்களைத் தூண்டும் புரதங்கள் இதில் இல்லாததால் மருத்துவக் கையுறைகளுக்கு இதன் பாலை விரும்புகிறார்கள்.

இனவிருத்தியில் குவாயூலேயின் முதன்மைக் குணம், ஒரே இனத்துக்குள் இருவகை விதையாக்கம் இருப்பது. 36 குரோமோசோம் கொண்ட இருமடியங்கள் கலந்து விதை தருபவை; 54, 72 கொண்டவை பெரும்பாலும் கருவுறாமல் விதை தந்து, எப்போதாவது கலப்பிலும் சேர்பவை. டான்டலியனில் நாம் பிடுங்கியெறிந்த குணம் இங்கே பயன்படும் கருவியாகிறது. நல்ல நான்மடியப் புதர் ஒன்று கிடைத்துவிட்டால் அதன் விதையே அதன் நகல்களைத் தந்துவிடும். கலப்பின வீரியத்தை விதை மூலமே நிலைநிறுத்தலாம். ஆனால் புதிய வேறுபாட்டை உருவாக்குவதுதான் கடினம்.

எனவே இரண்டு வழிகளில் வேலை நடக்கிறது. இருமடியங்களில் டான்டலியனுக்குச் சொன்னதுபோல் தலைமுறை தலைமுறையாகத் தேர்வு செய்கிறார்கள். பன்மடியங்களில் நூற்றுக்கணக்கான சந்ததிகளை நட்டு, தாயைப் போல இல்லாமல் வேறுபட்டுத் தெரியும் சில செடிகளைத் தேடிப் பிடித்து, அவற்றின் விதை தொடர்ந்து ஒரே மாதிரி வருகிறதா என்று பார்க்கிறார்கள். அரிசோனாப் பல்கலைக்கழகமும் அமெரிக்க வேளாண்மைத் துறையும் 1990களின் இறுதியில் வெளியிட்ட ஏஇசட்-1 முதல் ஏஇசட்-6 வரையான வகைகள் தனிச்செடித் தேர்வில் வந்தவையே. அவற்றுக்கு முன் நீண்ட காலம் ஆண்டது மெக்காலம் என்பவர் தேர்ந்தெடுத்த 593 என்ற வகை. 1942இல் தொடங்கிய அமெரிக்க நெருக்கடிக்கால ரப்பர் திட்டத்தின்போது, கலிபோர்னியாவின் மான்சனார் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டிருந்த ஜப்பானிய அமெரிக்க அறிவியலாளர்களும் தோட்டக்காரர்களும் முள்வேலிக்குள் குவாயூலே வளர்த்து ஆராய்ந்தார்கள். பிரிட்ஜ்ஸ்டோன் நிறுவனம் 2014இல் அரிசோனாவின் மேசா நகரில் குவாயூலே ரப்பர் ஆய்வு மையம் திறந்தது.

அளவீட்டிலும் வேறுபாடு உண்டு. குவாயூலேயில் ரப்பரோடு பிசினும் நிறைய இருப்பதால் அசிட்டோன் படியைத் தவிர்க்கவே முடியாது. பிசினையும் தனியே எடைபோட்டுப் பதிவுசெய்வது நல்லது, அதற்கும் விலை உண்டு. முழுப் புதரையும் அரைக்க இயலாது என்பதால் ஒரே உயரத்தில், ஒரே தடிப்புள்ள கிளையை எல்லாப் புதர்களிலிருந்தும் மாதிரியாக எடுக்கிறார்கள். புதரின் எடையையும் கிளையின் ரப்பர் சதவீதத்தையும் பெருக்கியே வரிசைப்படுத்த வேண்டும். குளிர்கால இரவுகளில்தான் இதில் ரப்பர் சேர்வது அதிகம். ஆகவே கோடையில் அளந்த எண்ணைக் குளிர்காலத்தில் அளந்ததோடு ஒப்பிடக் கூடாது. முதல் அறுவடைக்கு இரண்டு ஆண்டுகள் பொறுக்க வேண்டும். தரைக்குச் சற்று மேலே வெட்டினால் அடிக்கட்டை மீண்டும் துளிர்க்கும். அந்த மறுதாம்பு எத்தனை சதவீதப் புதர்களில் உயிர்பிடித்தது என்பதையும் வகைவாரியாகக் குறித்து வையுங்கள். முதல் வெட்டில் நிறைய தந்துவிட்டு இரண்டாவது வெட்டுக்கு முன் பட்டுப்போகும் வகையை, அந்தப் பதிவு இல்லாமல் கண்டுபிடிக்க முடியாது.